டிக்கெட் இல்லை... பாஸ் இல்லை... தரையில் இடமுண்டு! நண்பர்களோடு திருவையாறு போகிறீர்களா?

நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பெரிய மியூசிக் கான்சர்ட்டுக்குப் போவதென்றால், வாட்ஸ்அப் குரூப்பில் முதல் சண்டை பாட்டைப் பற்றி வராது. எந்த வரிசை டிக்கெட் என்பதில்தான் வரும். ஒருவருக்கு மேடைக்குப் பக்கத்தில் நிற்க ஆசை, இன்னொருவருக்கு மாதக் கடைசி. யார் எல்லோருக்கும் சேர்த்து ஜிபே பண்ணுவது, யார் அப்புறம் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது என்று கச்சேரிக்கு முன்பே பாதி நட்பு கரைந்துவிடும்.

இந்தத் தொல்லை எதுவுமே இல்லாத ஒரு இசை விழா தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டரில் நடக்கிறது. காவிரிக் கரையில் பந்தல். உள்ளே போக டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. நாட்டின் முன்னணிப் பாடகர் ஒருவர் பாடிவிட்டு இறங்குவார், அடுத்து அரங்கேற்றம் முடித்துச் சில மாதங்களே ஆன பிள்ளை ஏறும். காலையில் வந்தவர் இரவு வரை உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள்.

திருவையாறு தியாகராஜ ஆராதனை. பெயரைக் கேட்டதும் `அது தாத்தா, பாட்டி டிவியில் பார்க்கிற விஷயமாச்சே' என்று நகர்ந்துவிடாதீர்கள். ஒரு செட்டாகப் போய் வருவதற்கு இதைவிடத் தோதான திருவிழா டெல்டாவில் குறைவு. அதோடு, இங்கே இன்று எல்லோருக்கும் திறந்திருக்கிற கதவு எப்போதுமே அப்படித் திறந்திருக்கவில்லை. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் பந்தலில் உட்காரும்போது பார்வையே வேறாக இருக்கும்.

ஐந்து பாலம் தாண்டினால் ஊர்

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் திருவையாறு பஸ் ஏறுங்கள். அரசு டவுன் பஸ்ஸாக இருந்தால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆக, தோழிகள் மட்டும் போகிற குரூப்புக்கு இந்த விழாவில் பஸ்ஸும் ஃப்ரீ, பாட்டும் ஃப்ரீ!

வழியில் ஆறுகளை எண்ணிக்கொண்டே போகலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. இந்த ஐந்து ஆறுகளால்தான் ஊருக்கு ஐயாறு என்று பெயர் வந்தது என்பார்கள். புஷ்ய பகுள பஞ்சமி திதியில்தான் ஆராதனை என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெரும்பாலும் ஜனவரி, சில ஆண்டுகளில் பிப்ரவரி தொடக்கம். 2021-ல் பிப்ரவரி 2 அன்று வந்தது. பொங்கலை ஒட்டி வந்தால் சம்பா வயல்கள் மஞ்சளாகி நிற்கும். சில வயல்களில் அறுவடை மெஷின் இறங்கியிருக்கும். ரோட்டோரத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால், ஜனவரியில் விழா வருகிற வருடங்களில் பெரும்பாலும் காவிரியிலும் தண்ணீர் இருக்கும்.

1767-ல் திருவாரூரில் பிறந்த தியாகராஜர் வாழ்ந்ததெல்லாம் இந்த ஊரில்தான். 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். அதற்குச் சற்று முன்பு சந்நியாசம் வாங்கிக்கொண்டதால், தகனம் செய்யாமல் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். தஞ்சை அரசவையின் அழைப்பையும் பொருளையும் அவர் ஏற்க மறுத்தார் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. உஞ்சவிருத்தி எடுத்துத்தான் சாப்பிட்டார். அதாவது தெருவில் பாடிக்கொண்டே போக, வீட்டுக்காரர்கள் போடுகிற அரிசியில் அன்றைய சமையல். நெல் விளைகிற ஊரில் பாட்டுக்கு மாற்று அரிசி. அவர் பெயரில் நடக்கிற விழாவில் கலைஞர்கள் பணம் வாங்காமல் பாடுவதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம்.

யார் பாடலாம், யார் பாடக்கூடாது?

தியாகராஜர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சமாதியைப் பெரிதாகக் கவனிப்பார் இல்லை. 1903 வாக்கில் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் சகோதரர்கள் முதுமையில் இங்கு வந்து இடத்தைக் கண்டு சீர்செய்தார்கள். பிறகு, பக்கத்து ஊரான தில்லைஸ்தானத்தைச் சேர்ந்த நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் சகோதரர்கள் ஆராதனையைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார்கள். விழா வளர்ந்தது. கூடவே சண்டையும் வளர்ந்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, ஒரே மகானுக்கு இரண்டு ஆராதனை நடத்தினார்கள். எந்தக் கட்சியில் யார் பாடுகிறார் என்பது அன்றைய பெரிய கிசுகிசு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிகளும் கருத்தொற்றுமையோடு இருந்தன. பெண்கள் பாடக்கூடாது!

இங்கேதான் பெங்களூரு நாகரத்தினம்மாள் வருகிறார். 1878-ல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்தவர். சம்ஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் படித்த அறிஞர். சென்னையில் புகழும் பணமும் சேர்த்த பாடகி. முத்துப்பழனி என்ற 18-ம் நூற்றாண்டுக் கவிஞரின் தெலுங்கு நூலை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்து, ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்யும் அளவுக்குத் துணிச்சலானவர். தியாகராஜர் சமாதி கவனிப்பின்றிக் கிடப்பதாக அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் 1921-ல் அவருக்கு வந்து சேர்ந்தது. நேரே கிளம்பி வந்தார். அந்த ஆண்டே அடிக்கல் நாட்டினார். நகைகளையும் சேமிப்பையும் போட்டுக் கட்டிய கோயிலுக்கு 1925-ல் குடமுழுக்கு நடந்தது.

பணம் அவருடையது. கட்டடம் அவர் எழுப்பியது. ஆனால், அதன் முன்னால் உட்கார்ந்து பாட அவருக்கு அனுமதி இல்லை. அவரால் கட்டப்பட்ட சந்நிதியில் ஆண்கள் பாடுவார்கள், அவர் கேட்க வேண்டும். நூறு வருடம் கழித்துப் படித்தாலும் இந்த இடத்தில் கோபம் வரத்தான் செய்கிறது.

நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. 1927-ல் தன்னைப்போன்ற பெண் கலைஞர்களைத் திரட்டி, சந்நிதிக்குப் பின்பக்கம் தனியாக ஓர் ஆராதனையையே தொடங்கிவிட்டார். பெரிய கட்சி, சின்ன கட்சியோடு இப்போது `பெண்கள் கட்சி'! முன்னால் ஆண்கள் பாட, பின்னால் பெண்கள் பாட, நடுவில் தியாகராஜர். அந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பத்து வருடங்களுக்கு மேல் இப்படியே ஓடியது. 1940-ஐ ஒட்டித்தான் மூன்று தரப்பும் ஒன்றாகின. பெண்கள் முன்னால் வந்து பாடினார்கள்.

இன்று டிவியில் பார்க்கிற பஞ்சரத்ன கோஷ்டி கானம், அதாவது நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாக ஐந்து கீர்த்தனைகளைப் பாடுவது, ஏதோ தியாகராஜர் காலத்திலிருந்து வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. இந்தச் சமாதானத்துக்குப் பிறகு, 1940-களில் நிலைபெற்ற வழக்கம்தான் அது. ஆளுக்கொரு கட்சியாகக் கிடந்தவர்களை ஒரே பாயில் உட்காரவைக்க, எல்லோருக்கும் பாடமான பாட்டைச் சேர்ந்து பாடுவதைவிட நல்ல வழி வேறென்ன இருந்திருக்கும்?

சண்டை அதோடு முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 1946-ல் இதே விழாவில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். தமிழ் பாடியதால் சந்நிதி தீட்டாகிவிட்டது என்ற பேச்சு கிளம்ப, தமிழிசை இயக்கம் சூடாக இருந்த காலமாதலால் விஷயம் பெரிதாக வெடித்தது. இளைஞராக இருந்த மு.கருணாநிதி `தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் `குடி அரசு' இதழில் எழுதினார். தஞ்சை மண்ணில், காவிரிக் கரையில், தமிழில் பாடினால் தீட்டு என்று சொல்ல ஆளிருந்தது என்பதை இன்றைய கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். தெலுங்கு தெரியாத ஊர் தெலுங்குப் பாட்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது அழகு. அந்த அழகுக்குத் தமிழை வெளியே நிறுத்தவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1952-ல் நாகரத்தினம்மாள் மறைந்தார். கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தவர் அவர். தியாகராஜர் சந்நிதிக்கு எதிர்ப்பக்கம், அதைப் பார்த்தபடி அவருடைய நினைவிடம் இருக்கிறது. கூட்டத்தில் பலர் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். உங்கள் குரூப் அப்படிச் செய்யவேண்டாம். பந்தலுக்குள் நுழையும் முன் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

எந்த நாள் போகலாம்?

விழா பொதுவாக ஐந்து நாள் நடக்கும். தியாக பிரம்ம மகோத்சவ சபா நடத்துகிறது. முதல் நாள் நாகஸ்வர மங்கல இசையோடு தொடங்கும். நாகஸ்வரம் பிறந்து வளர்ந்த மண்ணில், அதுவும் திறந்த வெளியில் அதைக் கேட்பது தனி அனுபவம். ஏசி ஹாலுக்கென்று செய்த வாத்தியமா அது? (கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிற நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.)

கூட்டமே ஆகாது என்பவர்கள் இடைப்பட்ட நாள்களில் போகலாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடைகள். ஒன்றில் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததில் மைக் சரிசெய்து, தம்புரா சுருதி சேர்த்துத் தயாராக இருப்பார்கள். இது முடிந்த கையோடு அது தொடங்கும். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான். பெரிய வித்வான்களுக்கும் இருபது நிமிடத்தை ஒட்டித்தான் நேரம். கர்னாடக இசை பழக்கமில்லாத நண்பரை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய வரம். மூன்று மணி நேரக் கச்சேரி என்றால் நெளிவார். இங்கே ஒன்று பிடிக்கவில்லையென்றால் பத்து நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல், வயலின், சாக்ஸபோன், மாண்டலின் என்று மாறி மாறி வர, ரீல்ஸ் தள்ளித் தள்ளிப் பழகிய கண்ணுக்கும் காதுக்கும்கூட அலுக்காது. பாடுகிறவருக்குத்தான் கஷ்டம். ராகத்தை விரித்துப் பாட நேரமில்லை. எடுத்த எடுப்பிலேயே ஆளைப் பிடிக்கவேண்டும்.

அப்படிப் பிடிப்பதில் கில்லாடி என்றால் குன்னக்குடி வைத்தியநாதன்தான். பல ஆண்டுகள் இந்த சபாவின் செயலாளராக இருந்தவர். வலையப்பட்டி சுப்ரமணியத்தின் தவிலோடு சேர்ந்து அவர் வயலினில் விளையாடிய பாணி டெல்டாக்காரர்களுக்கு அவ்வளவு நெருக்கம். பண்டிதர்கள் முகம் சுளித்ததுண்டு. வயல் வேலை முடித்து வந்து உட்கார்ந்த ஜனங்கள் சுளிக்கவில்லை. 2008-ல் அவர் மறைந்துவிட்டார். திருவையாற்றுக்காரர்களிடம் ஆராதனை பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அவர் பெயர் வராமல் போகாது.

ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் ஐந்தாவது நாள், பஞ்சமியன்றே போங்கள். அன்று தஞ்சை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் உண்டு. ஆனால் பொழுது விடியும் முன் கிளம்பிவிடவேண்டும். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நினைவில்லம் இருக்கிறது. காலையில் அங்கிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டு வீதி வழியாகச் சமாதிக்கு வரும். பெரிய பாடகர்கள்கூட வெறுங்காலோடு தெருவில் பாடிக்கொண்டு நடப்பார்கள். பக்கத்திலேயே நடக்கலாம். எந்த பவுன்சரும் தள்ளமாட்டார்.

சுமார் ஒன்பது மணிக்குப் பஞ்சரத்னம். சந்நிதியை நோக்கி நடுவில் வழி விட்டு, இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கலைஞர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்களும் ஆண்களுமாக. நாகரத்தினம்மாளின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த உட்காரும் முறையே பாதி விழா. புல்லாங்குழல் இசைக்குப் பிறகு பாட்டு தொடங்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்து ராகங்களில் ஐந்து பெரிய கீர்த்தனைகள். எல்லாமே ஆதி தாளம். முதலாவது சம்ஸ்கிருதம், மற்றவை தெலுங்கு. உள்ளே தியாகராஜருக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

முதல் முறை கேட்பவர்கள், போவதற்கு ஒரு வாரம் முன்பே யூடியூபில் ஐந்தையும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டால் நல்லது. ஆரபியில் தொடங்குங்கள். துள்ளல் இருக்கும், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். கௌளைப் பாட்டு, மனிதர் தன் குறைகளையெல்லாம் தானே பட்டியல் போட்டுக்கொள்வது. கேட்க இனிமையாக இருந்தாலும் உள்ளே அத்தனையும் மனக்கசப்பு. வராளியைக் குரு சீடருக்கு நேரடியாகச் சொல்லித் தரக்கூடாது, தந்தால் உறவு கெடும் என்றொரு நம்பிக்கை பாட்டுக்காரர்களிடையே உண்டு. கேட்டுக் கேட்டே பாடம் பண்ணவேண்டுமாம். கடைசியாக வரும் ஸ்ரீ ராகப் பாட்டு, பெரியோர்கள் அத்தனை பேரையும் வணங்குவது. அந்த `அத்தனை பேரில்' யார் யார் சேர்த்தி என்பதற்குத்தான் இந்தக் கரையில் இத்தனை வருடம் அடித்துக்கொண்டார்கள்.

பாடத் தெரிந்தவர்கள் கூடவே பாடலாம். பந்தலில் நோட்டை மடியில் விரித்துவைத்துப் பாடுகிற இல்லத்தரசிகள், கண்ணை மூடித் தாளம் போடுகிற ரிட்டயர்டு வாத்தியார்கள், யூனிஃபார்மோடு வந்த இசைப் பள்ளிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்களையும் பார்க்கலாம். இத்தனை குரலுக்கு நடுவில் உங்கள் அபஸ்வரம் யார் காதிலும் விழாது. பாத்ரூம் பாடகர்கள் பயமில்லாமல் வாய்திறக்கக்கூடிய சர்வதேசத் தரம் வாய்ந்த ஒரே மேடை இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் இருந்தே கேட்டால் போதாதா?

அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் பஞ்சரத்னத்தை நேரடியாக ஒலி, ஒளிபரப்புகின்றன. உலகமெங்கும் தமிழர்களும் தெலுங்கர்களும் இருக்கிற ஊர்களில் இதே ஐந்து பாட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் 1978-லிருந்து நடக்கிற ஆராதனை, இந்தியாவுக்கு வெளியே நடப்பதில் மிகப் பெரியது என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனாலும் டிவியில் கேமரா முன்வரிசை வித்வான்களின் முகத்தையே சுற்றிச் சுற்றி வரும். பின்வரிசையில் பாட்டி ஒருவர் பக்கத்துப் பெண்ணுக்குத் தாளம் சொல்லிக்கொடுப்பதையும், ஆற்றங்காற்றில் பந்தல் துணி படபடப்பதையும் அது காட்டாது.

திறந்தவெளி இலவச இசை விழா என்றதும் உலகம் முழுக்கச் சொல்கிற பெயர் வுட்ஸ்டாக். 1969 ஆகஸ்ட்டில் நியூயார்க் மாகாணத்தில் ஒரு பால் பண்ணை நிலத்தில் நடந்தது. சுமார் நான்கு லட்சம் இளைஞர்கள் கூடினார்கள். உண்மையில் அதற்கு டிக்கெட் விற்றார்கள். கூட்டம் வந்து குவிந்தபோது வேலியும் கேட்டும் தயாராகவில்லை என்பதால்தான் அது இலவசமானது! திருவையாற்றில் அந்தக் கேட்டை யாரும் போட நினைத்ததே இல்லை. கேட் இல்லாத இடத்திலும் சிலரை வெளியே நிறுத்த முடிந்தது என்பதுதான் விசித்திரம்.

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. பந்தல், மைக், விளக்கு எல்லாம் நன்கொடையில் நடக்கிறது. அப்புறம் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. திருவையாறு போய்விட்டு அசோகா சாப்பிடாமல் வந்தால் அந்த டிரிப் செல்லாது. பாசிப்பருப்பை வேகவைத்து, நெய்யும் சர்க்கரையும் விட்டுக் கிளறிய அல்வா. வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கி, கூடவே கொஞ்சம் காராபூந்தி வைத்துச் சாப்பிட்டால்தான் ருசி. சபா கேன்டீனுக்காகவே டிசம்பர் சீசனுக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

மற்றபடி சில விஷயங்கள். விடியற்காலையில் பனி இருக்கும், காதுக்கு மஃப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். தரையில் நெடுநேரம் உட்காரவேண்டியிருக்கும், ஒரு போர்வையை மடித்துக் கொண்டுபோனால் முதுகு நன்றி சொல்லும். செருப்பைப் பையில் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தொலைந்தால் தேட முடியாது. பாட்டு நடக்கும்போது போனைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காதீர்கள். பஞ்சமியன்று ஒருவர் கூட்டத்தில் பிரிந்துபோனால் போனிலும் பிடிக்க முடியாமல் போகலாம் என்பதால், சந்திக்கிற இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாகரத்தினம்மாள் நினைவிடம் அதற்குச் சரியான இடம். மதியம் பந்தலில் கொஞ்சம் கூட்டம் கலையும்போது ஐயாறப்பர் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வரலாம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்குக் காவிரியின் இழுப்பு தெரியாது.

கடைசி நாள் இரவு ஆஞ்சநேய உற்சவத்தோடு விழா நிறைவடையும். அது வரை இருக்கப்போகிறீர்கள் என்றால், தஞ்சாவூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.